மருவி வந்த வழி

பெயர்க்காரணர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. விலங்கியல் நூல்களில் இவ்வினத்தைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அந்நூல்களை எழுதியோர் தமிழர் கூடிப் பேசும் இடங்களில் ஒரு மாலைப்பொழுதேனும் உட்கார்ந்திராத குறையே அதற்குக் காரணம். உருவத்தைக் கொண்டு இவரை அடையாளம் காண இயலாது. நம்மைப் போலவே உடுத்துவார், உண்பார், சளி பிடித்தால் தும்முவார். ஆனால் ஓர் ஊர்ப்பெயரை அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டீர்களானால் தீர்ந்தது. முதலில் கண்ணை இடுக்குவார். பிறகு அப்பெயரை வாய்க்குள் போட்டு, கடைவாய்க்கும் முன்பல்லுக்குமாக உருட்டி, தலையைக் கிள்ளி, வாலை நறுக்கி, யாரும் பாராத நேரத்தில் நடுவே ஒரு மெய்யெழுத்தைச் செருகி, பல்லிடுக்கில் நெடுநேரம் உறுத்திக்கொண்டிருந்த பாக்குத்தூள் வெளியே வந்துவிட்டவர் போல நிம்மதியாக நிமிர்ந்து உட்கார்ந்து, "அதுதான் இப்படி மருவி வந்திருக்கிறது" என்பார்.

மருவி! கொல்லனுக்கு உலை எப்படியோ அப்படி இவருக்கு இந்தச் சொல். எந்த இரும்பையும் இதில் காய்ச்சி எந்தக் கருவியாகவும் அடித்துவிடலாம். சான்று வேண்டாமா? வேண்டாம்; ஒலி போதும். ஒலி ஒத்துவராவிட்டால்? மருவியிருக்கும். ஒலியில் ஓர் எழுத்துக்கூட ஒத்துவராவிட்டால்? முழுவதும் மருவியிருக்கும்.

இவ்வினத்தின் தேர்ந்த மாதிரியாகச் சந்தனசாமி கிராணியாரைக் காட்டலாம். மலாய் நாட்டு ஜொகூர்ச் சாலைகளில் மாட்டுவண்டியும் மோட்டாரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு சென்ற முப்பதுகளில், தெப்ராவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் தலைமை எழுத்தராக இருந்தார். அலுவலகத்துக்குள் ரப்பர்ப் பாலின் எடையில் ஓர் அவுன்சு பிசகினாலும் பொறுக்கமாட்டார். அலுவலகத்துக்கு வெளியே ஓர் ஊரே பிசகினாலும் கலங்கமாட்டார். தெப்ராவ் என்பது அவருக்குத் தெப்ப ஆறு. ஸ்கூடாய், சீர்க்குடை. கூலாய் என்பது குலை என்று அவருக்குப் புலப்பட்ட அன்று அவ்வூர்க் கடையொன்றில் ஒரு வாழைக்குலை தொங்கியதையும் கண்ணால் கண்டுவிட்டபடியால், வாங்கப் போன சாமானை மறந்து அந்தக் குலையை வாங்கிக்கொண்டு வந்தார். துரையிடம் பழைய விலைக்கு வாங்கிய ஆஸ்டின் மோட்டாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆசு என்றால் குற்றம். ஆசு தின் என்றால் குற்றத்தைத் தின்பது. ஆகவே பழுதில்லா வண்டி. அந்த வண்டியோ, பழுது ஒன்றையும் விடாமல் தின்று வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தது.

இத்தகையவருக்கு வாழ்க்கைப்பட்டவர் அமலோற்பவம் அம்மாள். திருமணத்தன்று கோயிலில் பாதிரியார், "அமலோற்பவம் என்னும் நீ" என்று தொடங்கியபோது, மாப்பிள்ளை சற்றே குனிந்து, "அமலம், உற்பவம், குணசந்தி" என்று மணப்பெண்ணின் காதோடு சொன்னார். அதைக் காதல் மொழி என்று எண்ணித் தலை கவிழ்ந்ததே தம் வாழ்வில் செய்த முதற்பிழை என்று அம்மாள் பிற்காலத்தில் கூறுவதுண்டு. நாகப்பட்டினத்துக் கடலோரம் பிறந்தவர். அலைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர். கப்பலைவிட்டு இறங்கிய நாள்முதல் ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றையும் பாராதவர். தெப்ராவுக்குப் பக்கத்தில் நீரிணை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதை அம்மாள் கடலாக ஏற்கவில்லை. "அலை அடிக்காத தண்ணிய யாரு கடலுன்னா? அது உப்புப் போட்ட வாய்க்காங்க" என்று தள்ளிவிட்டார்.

அவ்வாண்டு தோட்டத்துத் துரை சீமைக்கு விடுப்பில் போய்த் திரும்பினார். தாமும் துரைசானியும் பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களின் ஊடே மோட்டாரில் சென்றதையும், ஊருக்கு ஊர் இறங்கி ஒயினை ஒரு மிடறு வாயில் வைத்துச் சுவை பார்த்துத் துப்பியதையும், கடற்கரைப் பட்டினங்களில் தங்கித் தங்கிக் காற்று வாங்கியதையும் கிராணியாரிடம் கதையாகச் சொன்னார். கிராணியாருக்குப் பொறி தட்டியது. துரை செய்ததை நாம் ஏன் செய்யலாகாது? திராட்சை இல்லாவிட்டால் என்ன, ஜொகூரின் மேற்குக்கரை முழுவதும் தென்னை இல்லையா? ஒயின் இல்லாவிட்டால் கள் இல்லையா? மூன்று நாள் விடுப்பு வாங்கினார்.

"எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க" என்றார் அம்மாள். "ஆனா கடைசியில மெர்சிங் போவணும். அங்கதான் மணலும் அலையும் இருக்காம். அலையில ரெண்டு காலையும் வச்சு நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"போலாம், போலாம். அது என் பொறுப்பு."

தெப்ராவிலிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்கு நேர்சாலை உண்டு. காலையில் புறப்பட்டால் மதியச் சோற்றை அங்கே உண்ணலாம். ஆனால் பெயர்க்காரணர் நேர்சாலையில் போவாரா? ஊர்கள் குறைந்த சாலை அவருக்கு எதற்கு? ஜொகூரை மேற்கே சுற்றி, பொந்தியான், பெனுட், ரெங்கிட், பத்து பஹாட் என்று கரையோரமாகவே மேலேறி, பிறகு குறுக்கே கிழக்கு நோக்கி வெட்டிக் குளுவாங் வழியாக மெர்சிங்கை அடைவதென்று முடிவாயிற்று. முன்னிருக்கையில் கிராணியாரும் அவரது தொப்பியும். பின்னிருக்கையில் அம்மாளும், கூடையும், கம்பளிப் போர்வையும், குடையும். ஆசு தின் புறப்பட்டது.

பொந்தியானில் முதல் வெடி வெடித்தது.

"பாண்டியன், அமலு! பாண்டியனேதான்! பொந்தியான், போந்தியன், பாண்டியன். மருவி வந்திருக்கு."

"பாண்டியனுக்கு இங்க என்னங்க சோலி?"

"பாண்டியன் கொடியில என்ன இருந்துச்சு? மீன். இங்க அந்த வீட்டு வாசல்ல பாரு, கொடியில என்ன காயுது?"

அம்மாள் பார்த்தார். துணிக்கொடியில் வரிசையாக மீன் காய்ந்துகொண்டிருந்தது.

இதற்கு நீங்கள் என்ன மறுமொழி சொல்வீர்கள்? "கடல் எங்க?" என்றார் அம்மாள். கிராணியார் கையை நீட்டினார். எதிரே அடிவானம் வரை சேறு. சேற்றில் கண்டல் மரங்கள். அவற்றின் வேர்களுக்கிடையே, வந்த காரியத்தை மறந்துவிட்டாற்போல் கொஞ்சம் தண்ணீர்.

"இதோ கடல். கால வை."

"இதுலயா? வச்சா காலு திரும்பி வராதுங்க. எருமை எறங்குற குட்டை கணக்கா இருக்கு. நான் மெர்சிங்லயே வச்சுக்கிறேன்."

பெனுட்டை அவர் பெண்ணூட்டு என்றார். அக்காலத்துப் பெண்கள் வழிப்போக்கருக்கெல்லாம் விருந்து ஊட்டிய ஊராம். பொழுது உச்சி கடந்து நெடுநேரமாகியிருந்தது. "எந்தப் பொண்ணு ஊட்டுனா? அவளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. காலையில குடிச்ச காப்பியோட உக்காந்திருக்கேன்" என்றார் அம்மாள். கிராணியார் அந்தப் பெண்களின் விருந்தோம்பலை வியந்தபடியே வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார்.

ரெங்கிட்டில் ஒரு தென்னந்தோட்டம். அங்கே கிராணியாக இருந்த லூயிஸ் நண்பர். அன்றிரவு அவர் வீட்டில் தங்கல். துரை சொன்ன மதுநாட்டுச் சடங்கை இங்கே நடத்தியாக வேண்டும் அல்லவா? மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை திறந்த வேளையில், கோட்டும் தொப்பியுமாகச் சந்தனசாமி அங்கே போய் நின்றார். கடைக்காரர் லெட்சுமணன் பதறிக் குவளையைக் கழுவிக் கொடுத்தார். கிராணியார் ஒரு மிடறு உறிஞ்சினார். கண்ணை மூடினார். வாய்க்குள் இடமும் வலமுமாக அலசினார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். துரை செய்த முறைப்படி, சாங்கோபாங்கமாக, அவர் அதைத் தரையில் துப்பினார்.

"யோவ், தொரை ஆபிசு ஆளு துப்புறாருய்யா!" என்று ஒரு குரல் எழுந்தது.

"கள்ளு கெட்டுப்போச்சா? அலமாக், ஐயோ! நான் ரெண்டு குவளை குடிச்சிட்டேனே!"

"சுகாதார இன்ஸ்பெக்டர் லா! லெட்சுமணா, என்னத்தக் கலந்த?"

"ஒண்ணும் கலக்கலீங்க! அந்தோணியார் மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல!" என்று அலறினார் லெட்சுமணன். குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். குடிக்காதவர்கள் லெட்சுமணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வமளியின் நடுவே நின்றபடி கிராணியார், இங்கிலீசுக்காரர் கள்ளை 'டாடி' என்பது தோடி ராகத்தின் பெயரே என்றும், கேட்டவர் மயங்குவது பற்றி அப்பெயர் வந்து பிறகு மருவிற்று என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். லூயிஸ் வந்து அவரைப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

முதல் நாள் இவ்வாறு கழிந்தது. மறுநாள் செங்காராங்கில், செங்கரம் உடைய யாரோ ஒருத்தியைப் பற்றிய ஆராய்ச்சியில் காலை முழுவதும் போயிற்று. பத்து பஹாட்டில் அவர் வண்டியை நிறுத்தியே விட்டார்.

"பத்துப் பகை! பத்துப் பகைவரை ஒரே எடத்துல வென்ற ஊரு, அமலு."

இங்கே அம்மாளால் பொறுக்க முடியவில்லை. சந்தையில் மலாய்க்காரரோடு பேரம் பேசி வாங்கியே மலாய் கற்றவர் அவர்.

"பத்துன்னா மலாயில கல்லுங்க. அம்மிக்கல்லுக்கும் பத்துன்னுதான் சொல்றாங்க. நான் ஒரு பத்து வேணும்னு கேட்டேனே, அந்த மலாய்க்காரரு பத்து அம்மியா தூக்கிக் குடுத்தாரு?"

"அதான் நீ கவனிக்கணும். ஆதியில பத்துப் பத்துக் கல்லாக் கட்டித்தான் வித்திருப்பாங்க. அப்புறம் கணக்கு மறந்துபோயி, கல்லுக்கே பத்துன்னு பேரு மருவியிருக்கு."

"அப்ப ரோட்டோரத்து மைல்கல்ல பத்துங்கிறாங்களே? மைலையே பத்துங்கிறாங்களே?"

"அதுவும் மருவினதுதான். இனிமே தமிழன் வாயில பத்துன்னு வந்தா அது பத்துதான். வேற அர்த்தத்துல நான் ஏத்துக்கவே மாட்டேன்."

கிராணியார் ஒன்றை ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டால், மலாய் நாடு முழுவதும் திரண்டு வந்து சொன்னாலும் ஏற்கமாட்டார். அம்மாள் குடையின் கைப்பிடியை நெரித்தார். மறுநாள் மாலையோடு விடுப்பு முடிகிறது. அதற்கடுத்த விடியலில் துரைமுன் கிராணியார் நின்றாகவேண்டும். இன்னொரு விடுப்பு என்றைக்கு வருமோ, 'அது என் பொறுப்பு' என்ற வாக்கு எந்தச் சாலை வழியாகச் சுற்றுமோ, யார் கண்டார்?

ஆயேர் ஹீத்தாம் வந்தது. "ஆயர் இதம்! இடையர்களுக்கு இதமா இருந்த ஊரு" என்றார் கிராணியார். சாலையின் நட்டநடுவில் ஒரு பசுமாடு அவருக்காகவே நிறுத்திவைத்தாற்போல் நின்றது. அவர் இறங்கிப்போய் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். குளுவாங் வந்தது. "குழல் வாங்கு! ஆயருங்க அங்க இளைப்பாறி, இங்க வந்து புல்லாங்குழல் வாங்கியிருக்காங்க. கோவையா வருதே, அமலு, கோவையா வருதே!" அன்றிரவு குளுவாங்கில் தங்கினார்கள். மலாய்க்காரக் காவலாளி ஒருவர், அவ்வூர் வானத்தில் அந்தியில் கூட்டமாகப் பறக்கும் பெரிய வௌவாலுக்கே குளுவாங் என்று பெயர் என்றார். வௌவால் குழல் ஊதாது என்பதால் கிராணியார் அதைத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள். அம்மாள் இருட்டோடு எழுந்து, தலைவாரி, கூடையைக் கட்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் காடு. நடுவே செம்மண் சாலை. ஊர்கள் மிகக் குறைவு. இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்? வெகுதூரம் போனபின், சாலைப் பள்ளங்களில் கல் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு தமிழர் கூட்டம் எதிர்ப்பட்டது. அம்மாள் பின்னாலிருந்தே கூப்பிட்டார்.

"அண்ணே, மெர்சிங்குக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

அய்யாவு என்பவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வந்தார். கோட்டையும் தொப்பியையும் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்தார். "கிட்ட வந்துட்டீங்கம்மா. கிராணி ஐயா, இன்னும் அஞ்சு பத்து போங்க லா. முச்சந்தி வரும், ஒரு காப்பிக்கடை இருக்கும். அங்க பீச்சாங்கைப் பக்கம் ஒடிச்சிட்டா, அப்புறம் கடல் தானா வந்து மோதும்."

அஞ்சு பத்து! ஐந்தே மைல்! அம்மாளின் முகம் மலர்ந்தது. கிராணியாரின் முகம் அதைவிட மலர்ந்தது. ஏன் மலர்ந்தது என்று அம்மாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கடற்காற்று வருகிறதா என்று மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து மைல் சென்றதும் முச்சந்தி வந்தது. காப்பிக்கடை இருந்தது. ஜெமாலுவாங் என்று கடைப்பலகை சொன்னது. அதைத் தவிர வேறு கைகாட்டி எதையும் காணோம். ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கவே கிராணியார் வண்டியை ஓரங்கட்டினார்.

"இதுதாங்க எடம். பீச்சாங்கைப் பக்கம்."

"இது இல்ல. அஞ்சு பத்து எவ்வளவு?"

"அஞ்சு கட்டை. அஞ்சு மைலு."

"நாலு பத்து நாப்பது. அஞ்சு பத்து அம்பது! இப்ப அஞ்சுதான் வந்திருக்கோம். இன்னும் நாப்பத்தஞ்சு இருக்கு. பெரிய ரோட்டோட சோத்தாங்கைப் பக்கமாப் போவணும்."

"அந்த அண்ணன் மைலைச் சொன்னாருங்க!"

"அவன் தமிழன். அவன் வாயில வந்தது தமிழ். படிக்காதவன் நாக்குலதான் பழைய சொல்லு கெடாம இருக்கும்."

"காப்பிக்கடை இருக்குங்க. முச்சந்தி இருக்குங்க."

"காப்பிக்கடை இல்லாத முச்சந்திய ஜொகூர்ல எங்க பார்த்த?"

இவ்வாறு சொல்லிவிட்டு அவர் இறங்கி, இயந்திரத்தின் மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். தொடங்கியவர் மூடிக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். "ஜெமாலுவாங். செம்மலர் வாங்கு. பார்த்தியா, அமலு? அங்க குழல் வாங்குனாங்க, இங்க செம்மலர் வாங்கியிருக்காங்க."

"எல்லாரும் எல்லாம் வாங்கியிருக்காங்க" என்றார் அம்மாள். "எனக்குத்தான் ஒரு கடல் வாங்கித் தர ஆளில்ல."

மூடிக்குள் அது கேட்கவில்லை.

காப்பிக்கடை வாசலில் சிறிய பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. "மெர்சிங்! மெர்சிங்!" என்று அதன் கண்டக்டர் மணியம் கூவினார். அம்மாள் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கோட்டு அணிந்த அந்த முதுகைப் பார்த்தார். ஒரே ஒரு முறை அது திரும்பட்டும்; திரும்பி, ஏன் இறங்கினாய் என்று கேட்கட்டும்; கேட்டால் மறுபடி ஏறி, ஐம்பது மைல் என்ன, ஐந்நூறு மைலும் போய்விடலாம் என்றே நின்றார். முதுகு செம்மலரிலிருந்து செம்மல் என்னும் சொல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பெரியக்கா, ஏறலியா? ஒரே ஒரு எடம்தான் இருக்கு லா. வேணாம்னா சொல்லுங்க."

"வேணும்" என்றார் அம்மாள்.

மணியம் பஸ்ஸின் பக்கத்தகட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். 'டப்' என்ற அச்சத்தம் கேட்டுக் கிராணியார், மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள் என்று தெளிந்து, மூடியை இறக்கி, வண்டியில் ஏறி, வலப்பக்கம் திருப்பினார். பஸ் இடப்பக்கம் சென்றது.

வாசகரே, அந்த நாற்பத்தைந்து மைலைப் பற்றி என்ன சொல்வேன்? பின்னிருக்கையில் கூடை இருந்தது. கூடைமேல் கம்பளிப் போர்வை இருந்தது. போர்வைமேல் குடை சாய்ந்திருந்தது. கிராணியார் பேசினார். கோட்டையைப் பேசினார், கொத்தளத்தைப் பேசினார், சோழருடைய படகோட்டிகளின் ஊர்களை ஒன்றுவிடாமல் பேசினார். இடையிடையே "சரிதானே?" என்று கேட்டார். மறுப்பில்லை. வேறு நாள்களில் பத்துச் சொல்லுக்கு ஒரு தடை எழுப்புபவள், இன்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டு வருகிறாளே! மணமான நாள்முதல் இவ்வளவு ஈடுபாட்டோடு அவள் கேட்டதில்லை என்று நினைத்து, நெஞ்சம் நெகிழ்ந்து, இன்னும் விரிவாகச் சொன்னார். பின்னாளிலும், தம் வாழ்வில் மிக இனிமையான பயணம் அதுவே என்று அவர் கூறியதைக் கேட்டவர் உண்டு.

அம்மாளோ, அந்நேரம் மெர்சிங்கில் மணலின்மேல் நடந்துகொண்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைச் சற்றே தூக்கிச் செருகி, அலை வரும் திசைக்கு எதிரே போய் நின்றார். முதல் அலை கணுக்காலைத் தொட்டது. இரண்டாம் அலை முழங்காலைத் தொட்டது. மூன்றாம் அலை தொடவில்லை, தள்ளிவிட்டது. ஈர மணலில் உட்கார்ந்தபடியே அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த வெள்ளையம்மா ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினார்.

"யாரு தாயி நீ? தனியாவா வந்த? வீட்டுக்காரரு எங்க?"

"பொருள் தேடிப் போயிருக்காரு."

"பாவம். எந்த ஊருக்கு?"

"எல்லா ஊருக்கும்."

"அப்ப நெறயக் கொண்டாருவாரு" என்றார் வெள்ளையம்மா.

"ஆமா. வீட்டுல வைக்க எடமில்ல."

மாலை வெயில் சாயும் நேரத்தில் ஆசு தின் புகை கக்கிக்கொண்டு கடற்கரையில் வந்து நின்றது. இறங்கிய கிராணியாருக்குத் தொப்பி இல்லை, தலை கலைந்திருந்தது, போகவும் வரவும் நூறு மைலுக்குமேல் ஓட்டிய புழுதி முழுவதும் கோட்டில் இருந்தது. முச்சந்திக் காப்பிக்கடையில் விசாரித்து, வழியில் மறித்த பஸ்காரர்களையெல்லாம் விசாரித்து, குரல் கம்மிப்போய் வந்திருந்தார். மணலில் கால் புதைய ஓடிவந்தவர் மனைவியைக் கண்டதும் நின்றார். வாயைத் திறந்தார். அம்மாளுக்கும் நெஞ்சு சற்று இளகிற்று. பாவம், மனிதர் பயந்துவிட்டார். இப்போது ஏதோ சொல்லப்போகிறார், சொல்லட்டும், மன்னித்துவிடலாம்.

"அமலு," என்றார் கிராணியார், மூச்சு வாங்க. "சரியா அம்பது! அம்பதாவது மைல்ல ஊரு இருக்கு, அமலு! பெரிய ஊரு! கோத்தா திங்கி!"

அம்மாள் அவர் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டுங்க" என்றார்.

கழற்றினார். அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் நிறுத்தினார். அலை வந்து கிராணியாரின் காற்சட்டையை முழங்கால்வரை நனைத்தது. அவர் பேசவில்லை. மறுபடியும் வந்தது. பேசவில்லை. அடிவானம்வரை நீலமும் வெள்ளையுமாகப் புரண்டு வந்துகொண்டிருந்த அதைப் பார்த்துக்கொண்டு, குளத்தில் இறங்கிய குழந்தைபோல் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். அந்த நேரம், அவ்வளவு நேரம், அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்ததற்கெல்லாம் ஈடாக அம்மாள் அந்த மௌனத்தை அலைச் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டார். இதற்காகத்தான் வந்தோம் என்று நினைத்தார். பிறகு அவர் கண் மெல்ல இடுங்குவதைக் கண்டார்.

"அமலு, அலைக்கு ஏன் அலைன்னு..."

"அலைய விட்டதனால" என்றார் அம்மாள், கண்ணிமைக்காமல்.

கிராணியார் திரும்பினார். மனைவியை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். முகத்தில் வியப்பு, வியப்பைத் தொடர்ந்து மதிப்பு, மதிப்பைத் தொடர்ந்து, இத்தனை காலம் தனியே சுமந்துவந்த பாரத்துக்குத் தோள்கொடுக்க ஆள் கிடைத்துவிட்ட ஆனந்தம். "அருமை! அருமை, அமலு! மருவவே இல்ல!" என்று கூவினார்.

அம்மாள் திடுக்கிட்டார். தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. அன்று ஊர் திரும்பும் வழியில் முன்னிருக்கையில் இருவராக உட்கார்ந்து போனார்கள் என்றும், சாலையோரத்து மலாய்ச் சிற்றூர் ஒன்றின் பெயரைக் கிராணியார் பிரித்த முறை தவறு என்று அம்மாளே திருத்தினார் என்றும் கேள்வி.

ஆகையால்தான் எச்சரிக்கிறேன். இது தொற்றும். உடன் வாழ்ந்தால் தொற்றும். பயணம் செய்தால் தொற்றும். எழுதினால் தொற்றும் என்பதற்கு இதை எழுதியவனே சான்று. படித்தாலோ? நீங்கள் சிரித்துக்கொண்டுதான் படித்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நடுவே எங்கோ ஓரிடத்தில் சற்று நிறுத்தி, உங்கள் சொந்த ஊரின் பெயரை நாவுக்கடியில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தீர்களே, அது எதற்காக? பொருள் பொருந்தியும் வந்துவிட்டதல்லவா? வரும், எப்போதும் பொருந்தித்தான் வரும். சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது என்பதையும் அறிவேன். வீட்டில் சொல்வதென்றால், சோறு இலைக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.